ரெண்டு பேரா போனோம்!

எங்க ஊர் தென்காசி. அதனால அருவின்னா எனக்குத் தெரிஞ்ச அர்த்தம் ஒண்ணே ஒண்ணுதான்... குளியல்! தலையில எண்ணெயைத் தேய்ச்சுக்கிட்டு, இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு, கூட்டத்துல முண்டியடிச்சு குற்றாலத்துல தலையைக் கொடுக்கணும். வீட்டுக்குக் கிளம்பும்போது எங்க அப்பா ஒரு வேலையை மட்டும் மறக்கவே மாட்டார். ஒவ்வொருத்தர் தலையையும் தொட்டு எண்ணுவார். "ஏழு பேரா வந்தோம், ஏழு பேரா போகணும்லே. அருவி நாளைக்கும் இங்கனதான் விழும்" என்பார். சின்ன வயசுல எனக்கு அது செம காமெடியா இருக்கும்.

அது காமெடி இல்லைன்னு எனக்குப் புரிஞ்ச இடம் குற்றாலம் இல்லை பாஸ்... ஸ்பெயின்!

மேல்படிப்புக்காக நான் வந்து சேர்ந்த ஊர் சரகோசா. உள்ளூர்க்காரங்க வாயில அது 'தரகோதா'. பேரையே சரியாச் சொல்லத் தெரியாத ஊர்ல எனக்குக் கிடைச்ச ஒரே நிம்மதி, ரூம்மேட்டா வந்த மதுரைக்காரன். எல்லாரையும் 'மாப்ள'ன்னுதான் கூப்பிடுவான். அதனால அவன் பேரும் எனக்கு 'மாப்ள'தான். முதல் மூணு மாசம் எனக்கும் சேர்த்து சோறு வடிச்சவன், காய்ச்சல்ல படுத்தப்போ ராத்திரி முழுக்கப் பக்கத்துல உட்கார்ந்திருந்தவன். இதை இப்பவே சொல்லிடறேன். பின்னாடி நான் பண்ணினதைப் படிக்கும்போது நீங்க ஞாபகம் வெச்சுக்கணும்.

போன ஜூலையில ரெண்டு பேரும் பஸ் மாறி மாறி டோர்லாங்கிற குட்டிக் கிராமத்துக்குப் போனோம். பிரனீஸ் மலை அடிவாரம். தாண்டினா பிரான்ஸ். பக்கத்துலயே ஓர்தேசா பள்ளத்தாக்கு. 1918-லயே தேசியப் பூங்காவா அறிவிச்சுட்டாங்க. 1997-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லயும் சேர்ந்தது. கோடையில சொந்தக் கார்ல உள்ளே போக முடியாது. டோர்லாவிலிருந்து பூங்கா பஸ் ஏறித்தான் போகணும். பள்ளத்தாக்குல ஒரே நேரத்துல இத்தனை பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு கணக்கு வேற. நம்ம சீஸன் நேரத்துக் குற்றாலத்தை நினைச்சு பெருமூச்சு விட்டேன்.

எங்க இலக்கு, பள்ளத்தாக்கின் கடைசியில இருக்கும் 'கோலா தே கபாயோ'. அப்படின்னா குதிரை வால். பொண்ணுங்க போடற போனி டெயிலுக்கும் ஸ்பானிஷ்ல இதே பேர்தான்! "அப்ப நான் எவ்ளோ தூரம் வேணாலும் நடப்பேன் மாப்ள" என்றான் நம்மாளு. போக வர கிட்டத்தட்ட 17 கிலோ மீட்டர்.

காலை ஒன்பது மணிக்கு நடக்க ஆரம்பிச்சோம். உசரமான பீச் மரக் காடு. வெயில் இலைக்குள்ள வடிகட்டித்தான் கீழே விழுது. கூடவே அராஸாஸ் நதி சலசலத்துக்கிட்டே வருது. ஒரு மணி நேரத்துக்குள்ள அரீப்பாஸ், குவேவா, எஸ்த்ரேச்சோன்னு வரிசையா மூணு அருவி. குவேவான்னா குகை, எஸ்த்ரேச்சோன்னா இடுக்கு. பேருக்கு ஏத்த மாதிரி பாறை இடுக்குல பீறிட்டுக் கொட்டுது தண்ணி. நான் சட்டைப் பட்டன்ல கை வெச்சதுமே மாப்ள போர்டைக் காட்டினான். நதியில இறங்கிக் குளிக்கத் தடை!

"குளிக்க முடியாத அருவிக்கு எதுக்குலே பதினேழு கிலோ மீட்டர்?"

"பார்க்கத்தான். சைட் அடிக்கிற மாதிரி நெனச்சுக்க!"

காட்டைத் தாண்டினா கிராதாஸ் தே சோஆசோ. பாறையில யாரோ படிக்கட்டு செதுக்கி வெச்ச மாதிரி, தண்ணி படிப்படியா இறங்கி வருது. அங்கேதான் வினை. ஈரக்கல்லுல மாப்ள கால் வெச்சான், கணுக்கால் மடங்கிடுச்சு. அஞ்சு நிமிஷத்துல நல்லா வீங்கிருச்சு. குதிரை வாலுக்கு அங்கிருந்து இன்னும் முக்கால் மணி நேர நடை.

"நீ போயிட்டு வா மாப்ள. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

இதுக்கு ஒரு மனுஷன் என்ன சொல்லணும்? 'சும்மா கிட, ரெண்டு பேரும் மெல்ல இறங்கலாம்'னு சொல்லணும். ஒரு பேச்சுக்காவது சொல்லணும். நான், "ரெண்டு மணி நேரத்துல வந்துருவேன்லே" என்றேன். அவன் வாக்கியத்தை முடிச்சானான்னுகூட எனக்கு ஞாபகம் இல்லை. பையைத் தூக்கிட்டு நடந்துட்டேன்.

படிக்கட்டு அருவிகளைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு அப்படியே விரியுது. பனியாறுகள் செதுக்கின தட்டையான புல்வெளி, ரெண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர். மர்மோட்டுன்னு பெரிய அணில் மாதிரி ஒரு பிராணி எங்கிருந்தோ விசில் அடிக்குது. நேரா எதிர்ல மோன்தே பெர்திதோ சிகரம். 3,300 மீட்டருக்கும் மேலே. பேருக்கு அர்த்தம், தொலைந்து போன மலை.

இந்தப் பள்ளத்தாக்குல 'புகார்தோ'ன்னு ஒரு காட்டு ஆட்டினம் வாழ்ந்துச்சு. வேட்டையில குறைஞ்சு குறைஞ்சு, கடைசியில செலியாங்கிற ஒரே ஒரு பெண் ஆடு மட்டும் மிஞ்சுச்சு. 1999-ல அதைப் பிடிச்சு, கழுத்துல ரேடியோ பட்டை மாட்டி, திரும்ப மலையில விட்டாங்க. 2000 ஜனவரியில, மரம் முறிஞ்சு விழுந்து செத்துப் போச்சு. எடுத்து வெச்ச செல்களை வெச்சு 2003-ல குளோனிங்ல ஒரு குட்டியைப் பிறக்க வெச்சாங்க. நுரையீரல் கோளாறு. சில நிமிஷம்தான் உயிரோட இருந்துச்சு. ஒரே இனம் ரெண்டு தடவை அழிஞ்ச கதை! கிளம்பறதுக்கு முன்னாடி படிச்சிருந்தேன். துணைக்கு ஒண்ணுகூட இல்லாம இந்தப் பாறைகள்ல அது எப்படி அலைஞ்சிருக்கும்னு உருகி உருகி யோசிச்சேன். கால் வீங்கினவனைத் தனியா விட்டுட்டு வந்தவன், ஆட்டுக்காக உருகறேன்... என்னத்தைச் சொல்ல!

குதிரை வால் அழகுதான், பொய் சொல்லக் கூடாது. கறுத்த பாறை மேல வெள்ளை முடியை விரிச்சுப் போட்ட மாதிரி இறங்குது. பத்து நிமிஷம்னு உட்கார்ந்தவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். போட்டோவா எடுத்துத் தள்ளினேன்.

முதல் இடி அப்பதான் விழுந்துச்சு. பிரனீஸ்ல கோடை மத்தியானம் திடீர்னு மழை வரும்னு டோர்லாவுல சொல்லித்தான் அனுப்பினாங்க. அதுக்காகத்தான் மழைக்கோட்டு வாங்கினோம். எடுக்கலாம்னு பையைத் திறந்தேன்.

உள்ளே ரெண்டு மழைக்கோட்டு. ரெண்டு பேரோட சாப்பாடு. ரெண்டு தண்ணி பாட்டில்.

வயித்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஓட ஆரம்பிச்சேன். மரமே இல்லாத புல்வெளி, தலைக்கு மேல மின்னல். போன் எடுத்தா சிக்னல் இல்லை. படிக்கட்டு அருவிக்கு வந்து சேர்ந்தப்போ நல்லா ஊத்துது. அவன் உட்கார்ந்திருந்த பாறை காலி.

"மாப்ள... ஏ மாப்ள..!" என் குரல் எனக்கே கேக்கலை. அருவிச் சத்தம் முழுங்கிடுச்சு. நதி ஓரமா எட்டிப் பார்க்கவும் பயம், பார்க்காம இருக்கவும் பயம். அப்பா விரல் என் தலையைத் தொட்டு எண்ணின மாதிரியே இருந்துச்சு. ஒண்ணு... அதுக்கு மேல எண்ண ஆள் இல்லை.

வழுக்கி வழுக்கிக் கீழே ஓடினேன். காட்டுக்குள்ள நுழைஞ்சு ரொம்ப தூரம் போனதுக்கு அப்புறம்தான் கண்ல பட்டான். வயசான ஒரு ஸ்பானியத் தாத்தா அவன் கையைத் தன் தோள்ல போட்டுக்கிட்டு, அடி மேல் அடி வெச்சு நடத்திக்கிட்டு வந்தார். பாட்டி முன்னாடி போய் வழுக்காத கல்லாப் பார்த்துக் காட்டிட்டிருந்தாங்க. அவங்களோட மழைக்கோட்டு மாப்ள மேல இருந்துச்சு. அந்தம்மா தொப்பலா நனைஞ்சிருந்தாங்க.

எனக்குப் பேச்சு வரலை. "ட்ரான்கீலோ, ட்ரான்கீலோ" என்று தாத்தா என் முதுகைத் தட்டினார். பதறாதேன்னு அர்த்தம். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

மாப்ளயும் திட்டலை. உதடெல்லாம் நடுங்க, அவன் கேட்ட முதல் கேள்வி...

"அருவி எப்படி மாப்ள இருந்துச்சு?"

பஸ் வர்ற இடம் வரைக்கும் நான்தான் தாங்கிட்டு வந்தேன். ஒரு மணி நேரத்துல வந்திருக்க வேண்டிய பாதைக்கு மூணு மணி நேரம் ஆச்சு. பஸ்ல உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரிச்சோம். தாத்தா, பாட்டிக்கும் கொடுத்தோம். காஞ்சு போன புளிச்சோற்றை அவங்க சந்தேகமா வாயில வெச்சு, உறைப்புல கண்ணு கலங்கிச் சிரிச்சாங்க. எனக்கும் கலங்குச்சு. உறைப்புதான்னு சொல்லிக்கிட்டேன்.

ராத்திரி ரூம்ல போட்டோ பார்த்தேன். எண்பத்தி மூணு. எல்லாமே சூப்பர். ஆனா கிராதாஸுக்கு அப்புறம் ஒண்ணுலகூட அவன் இல்லை. "எனக்கு அனுப்புடா" என்றான். அனுப்பினேன். அவன் ஒவ்வொண்ணாப் பார்த்து 'செம'ன்னு சொல்லச் சொல்ல, நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். மன்னிப்பு கேக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. "லூசு, நான்தானே போகச் சொன்னேன்" என்றான். போகச் சொன்னவன் நல்லவன். போனவன் யாரு?

வர்ற கோடையில திரும்பப் போறோம், ரெண்டு பேருமா. அவன் எங்கே உட்கார்றானோ அங்கேதான் எனக்கும் கடைசி ஸ்டாப். குதிரை வால் நாளைக்கும் அங்கனதான் விழும்.

மலை ஏறப் போற மக்களுக்கு இந்தப் புண்ணியவான் சொல்ற ஒரே டிப்ஸ்: மழைக்கோட்டையும் தண்ணியையும் அவங்கவங்க பையில வெச்சுக்கோங்க. கூட வந்தவன் பையிலேயும் இருக்கான்னு ஒரு தடவை திறந்து பார்த்துக்கோங்க. திரும்பும்போது தலையை எண்ணுங்க!