ஒரு பிசி போதும்

வைரஸ் என்றதும் நம்மில் பலருக்கு பென் டிரைவ்தான் ஞாபகம் வரும். பிசி மெதுவாகும், ஃபார்மேட் செய்வோம், அத்தோடு முடிந்தது. அதே பிசி ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இருந்தால் கதையே வேறு. 2017 ஜூன் 27 அன்று டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் பட்ட பாட்டைப் பாருங்கள்.

உக்ரைனில் வரிக் கணக்கு வேலைக்கு எம்.இ.டாக் என்ற மென்பொருளைப் பல நிறுவனங்கள் வைத்திருந்தன. அதன் அப்டேட் சர்வருக்குள் புகுந்தவர்கள், அப்டேட் வழியாகவே நாட்பெட்யா என்ற வைரஸை அனுப்பி விட்டார்கள். மெர்ஸ்கின் ஒடெசா அலுவலகத்தில் ஒரே ஒரு கணினியில் அந்த மென்பொருள் இருந்ததாம். வைரஸுக்கு அந்த ஒரு வாசல் போதுமானதாக இருந்தது.

விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாக அது பரவியது. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே பேட்ச் கொடுத்திருந்தது. அப்படியானால் பேட்ச் போட்டவர்கள் தப்பித்திருப்பார்களே என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை. அட்மின் ஒருவர் லாகின் செய்த பிசியில் அவருடைய பாஸ்வேர்ட் மெமரியில் தங்கியிருக்கலாம். வைரஸ் அதை உருவிக்கொண்டு அடுத்த கணினிக்குள் அட்மின் போலவே நுழையும். பேட்ச் போட்ட சர்வரும் கதவைத் திறந்துவிடும். சாவி சரியாக இருக்கிறதே!

திரையில் 300 டாலருக்கு பிட்காயின் கேட்டது சும்மா வேஷம். பணம் கட்டினாலும் ஃபைல்களை மீட்க வழி கிடையாது. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் இருந்த அவர்களுடைய முனையத்திலும் வேலை தடைபட்டது. 4,000 சர்வர்களையும் 45,000 பிசிக்களையும் புதிதாக நிறுவ வேண்டி வந்ததாக அப்போதைய தலைவர் ஜிம் ஸ்னாபே 2018-ல் டாவோஸில் சொன்னார்.

எனக்குத் திகிலாக இருந்தது வேறொரு விஷயம். யார் எந்தக் கணினியில் நுழையலாம் என்று தீர்மானிப்பவை டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள். மெர்ஸ்கிடம் அப்படிச் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. தனித்தனி சர்வர்களுக்கு பேக்கப் கிடைத்தது, இவற்றுக்கு மட்டும் இல்லை.

கடைசியில் கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்று பிழைத்திருந்தது. காரணம்? தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் கட்! (கரண்ட் கட்டால் இப்படியும் ஒரு நன்மை.) அங்கிருந்த நெட் வேகத்தில் அதை அனுப்பப் பல நாட்கள் ஆகும் என்பதால், ஒரு ஊழியர் ஹார்டு டிஸ்க்கோடு நைஜீரியாவுக்குப் பறந்தார். அங்கே விமான நிலையத்தில் அதை வாங்கிக்கொண்ட இன்னொருவர் லண்டனுக்கு விமானம் ஏறினார்.