பெங்கேரியில் தைக்கும் கொடி

தேசியக் கொடியை இனி இயந்திரத்தில் நெய்த பாலியஸ்டரிலும் தைக்கலாம் என்று 2021 டிசம்பர் 30-ல் கொடி விதிகளைத் திருத்தினார்கள். அதுவரை கையால் நூற்று, கையால் நெய்த துணி மட்டும்தான். செய்தியைப் படித்ததிலிருந்து ஹுப்பள்ளிக்குப் போக வேண்டுமென்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. அங்கே வேலை பார்க்கும் நண்பர், ஊரில் கொடி தைக்கிற பெங்கேரிக்குக் கூட்டிப்போனார்.

அங்குள்ள கர்நாடக காதி கிராமோத்யோக சம்யுக்த சங்கம் 1957 நவம்பர் 1-ல் தொடங்கியது. 2006-ல் தர நிர்ணய முத்திரை பெற்றதிலிருந்து கொடி தைக்கிறது. சுதந்திர இந்தியா வகுத்த தர விதிகளில் முதல் எண்ணான ஐ.எஸ். 1, கொடிக்குரியது. 6 அங்குல மேசைக் கொடியிலிருந்து 21 அடிக் கொடிவரை 9 அளவுகள். எல்லாமே மூன்றுக்கு இரண்டு விகிதம்.

துணி பாகல்கோட்டைப் பக்கமிருந்து நெய்து வருகிறது. சாயப் பகுதியைச் சீக்கிரமே கடந்துவிட்டோம். சக்கரம் அச்சிடும் மேசையருகே வந்ததும் எனக்கு நகர மனமில்லை.

வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் பரப்பி, மேலே அச்சுச் சட்டத்தை வைத்து, நீலச் சாயத்தை ஒரே இழுப்பில் இழுத்தார் ஓர் அக்கா. காய்ந்ததும் மறுபக்கம் திருப்பி, அதே இடத்தில் இன்னொரு சக்கரம். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். 24 ஆரங்களில் ஒன்றுகூட இரட்டையாகத் தெரியவில்லை.

"நூலளவு நகர்ந்தாலும் கழித்துவிடுவார்கள் அண்ணா" என்றார். நண்பர் கன்னடத்திலிருந்து மொழிபெயர்த்துச் சொன்னார். அக்கா பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். முதலில் தையல் வேலை பார்த்தார், பிறகுதான் அச்சுக்கு வந்தார். மகள் பள்ளியில் கொடியேற்றும்போது எல்லாரும் வணக்கம் வைக்க, இவர் கண் மட்டும் தையலுக்குப் போய்விடுமாம்.

இங்கே பெரும்பாலும் பெண்கள்தான். செய்த உருப்படிக்குத்தான் கூலி. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் முன்னால் மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் ஆர்டரைப் பொறுத்து.

2022-ல் வீடுதோறும் கொடி என்று அரசு அழைத்தது. கோடிக்கணக்கில் கொடி தேவைப்பட்ட வருஷம் இவர்களுக்கு விளைச்சல் வருஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பாலியஸ்டர் கொடிக்கும் ஜி.எஸ்.டி. விலக்குக் கிடைத்தது, மில்லிலிருந்து மொத்தமாக எடுத்து விற்ற வியாபாரி லாபம் பார்த்தான். ஏழை வீட்டிலும் கொடி பறக்கட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அரசு அலுவலகக் கம்பங்களுக்காவது கதர் மட்டும் என்று வைத்திருக்கக் கூடாதா? கதர் விலை கூடுதல் என்கிறார்கள். அந்தக் கூடுதல் யாருக்குப் போகிறது? நூற்கிற, நெய்கிற, தைக்கிற கைகளுக்கு. வியாபாரியிடம் பேரம் பேசாத நாம், அந்தக் கைகளிடம் மட்டும் கணக்குப் பார்க்கிறோம்.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: "உங்க ஊர்ப் பள்ளியில என்ன கொடி?"

ஊர் திரும்பியதும் தலைமை ஆசிரியரிடம் விசாரித்தேன். பாலியஸ்டர்தான். மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு கதர்க் கொடி கேட்டு, பெங்கேரிக்குக் கடிதம் போட்டிருக்கிறோம்.