பட்டை அமர வேண்டும்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

டாட்டா மெர்சிடீஸ் மரலாரியின் சேஸ் முடிந்தது. டெல்கோவும் டைம்லர்-பென்ஸும் சேர்ந்து 1954இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய வரிசை. அதன் மாதிரியை 24இல் ஒரு பங்காகச் செய்கிறேன். 9.00-20 டயர் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். எனக்கு 42 மில்லிமீட்டர் போதும். ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி, டிரில்லில் சுழலவிட்டு, உப்புத்தாளில் தேய்த்தேன். கட்டை உருளாமல் தடுக்கும் முளைகளுக்கு உடைந்த குடையின் கம்பி. அசல் இரும்புச் சேனல் போலவே நடுவில் பள்ளம் ஓடுகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

முழுநாளும் ஸ்பிரிங் பட்டைகளோடு போனது. பாரம் ஏறியதும் பட்டை வளைந்து அமர வேண்டும். அமராத மரலாரி கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பொம்மை, அவ்வளவுதான்.

கணக்கு இதற்கு இடம் கொடுக்க மறுக்கிறது. 24இல் ஒரு பங்காகச் சுருக்கினால் எடை 13,824 மடங்கு குறையும். பத்து டன் பாரம் சுமார் 720 கிராம் ஆகிவிடும். பட்டையின் விறைப்போ 24 மடங்குதான் குறையும். அளவு பிசகாமல் செய்த பட்டை இருக்க வேண்டியதைவிட 24 மடங்கு முரடாக நிற்கும். அலாரம் கடிகாரத்துச் சுருளை வெட்டி, ஒவ்வொரு கட்டிலும் ஒரே ஒரு உண்மையான பட்டையை வைத்தேன். மற்றவை கறுப்பு அட்டை. 700 கிராம் ஏற்றிப் பார்த்தேன். அமர்ந்தது!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

என்ன மரம் ஏற்றுவது? மலையடிவாரத்து அலிபிரியில் இருந்துகொண்டு இதைக் கேட்கவே வேண்டாம். வாசலில் நின்றால் சேஷாசல மலை தெரிகிறது. செம்மரம் இயற்கையாக விளைவது பெரும்பாலும் இந்த மலைகளிலும், இதை ஒட்டிய கடப்பை, நெல்லூர்ப் பக்கத்து மலைகளிலும்தான். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம். நம் வீட்டு மரப்பாச்சியும் இந்த மரம், ஜப்பானில் ஷாமிசென் வாத்தியத்தின் கழுத்தும் இந்த மரம். 1995 முதல் உலக வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

இதே காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்துக் கூலிக்காரர்கள். செம்மரம் என்றதும் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. அதற்காக லாரியை வெறுமையாக நிறுத்த மனமில்லை. வனத்துறை வெட்டி, ஏலம் விட்டு, ரசீதோடு அனுப்பிய காலத்து லாரி இது. அந்த நேர்மை பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

அசல் செம்மரத்தைத் தொடப்போவதில்லை. சவுக்குக் குச்சிகளைச் செதுக்கி, துளைத்து, உள்ளே மீன்வலை ஈயக்குண்டு அடைத்துக் கனம் கூட்டினேன். பட்டையும் வெளிர் வெள்ளைமரமும் நீக்கிய வைரக்கட்டைகள்தான் வேண்டும். அதனால் காவியும் கறுப்பும் கலந்து ஊதாச் சிவப்புக்கு வரும்வரை பூசினேன். வெயிலில் பார்த்தபோது மிகவும் பளபளத்தது. மேலே தடவியிருந்த மெழுகைத் துடைத்து மங்கலாக்கினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாமண்டூர்க் காட்டிலிருந்து மரம் ஓட்டிய பெரியவர் வந்தார். பானட்டின் வளைவைத் தடவிப் பார்த்தார். பிறகு கட்டைகளின் முனையைப் பார்த்து, “முத்திரை எங்க தம்பி?” என்றார். அவர் காலத்தில் கட்டைக்குக் கட்டை வனத்துறைச் சுத்தியல் முத்திரை விழும். செக்போஸ்டில் கார்டு டார்ச் அடித்து, பெர்மிட்டில் உள்ள பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்ப்பாராம்.

அவர் இருக்கும்போதே ஒரு ஆணித்தலையை அரத்தால் ராவி, முத்திரையாக்கி, எல்லா முனைகளிலும் அடித்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு எண்ணிப் பார்த்தார்.

“எல்லாம் சரிதான் தம்பி. ஆனா பாரம் பின்னாடி தொங்குது. ஏத்தத்துல முன்சக்கரம் லேசாயிடும், ஸ்டியரிங் கேக்காது. கட்டையெல்லாம் கேபின் பக்கம் தள்ளி வெச்சு, அப்பறம் சங்கிலி போடு.”

நாளை மறுபடி அவிழ்த்துக் கட்டுகிறேன்.