அம்மா தொட்டுப் பார்த்த சென்னை



மே மாதம் பிறந்ததும் உங்கள் இல்லங்களுக்கும் ஊரிலிருந்து உறவினர் வருவார்கள். சென்னையைச் சுற்றிக் காட்டும்படி கேட்பார்கள். சென்ற கோடையில் திருநெல்வேலியிலிருந்து என் தங்கை தன் இரு பிள்ளைகளுடன் வந்தாள். அம்மாவையும் அழைத்து வந்திருந்தாள். அம்மாவுக்குப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரியும்.

சாந்தோமில் தொடங்கிப் பரங்கிமலையில் முடியும்படி எட்டு இடங்களை ஒரு தாளில் எழுதி, ஆராதனை முறையைப் போல ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்தேன். அம்மாவை வேனிலேயே அமர்த்திவிடலாம் என்பதும் என் திட்டத்தில் இருந்தது. இதை எழுதவே வெட்கமாயிருக்கிறது.

வெயில் ஏறுமுன் சாந்தோமை அடைந்தோம். போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயம் இருந்த இடத்தில், 1896இல் எழுந்த வெண்ணிறப் பேராலயம் இன்று நிற்கிறது. கல்லறைச் சிற்றாலயத்துக்குப் படியிறங்க வேண்டும். "அம்மா, நீங்கள் இங்கேயே இருங்கள்" என்றேன்.

"தோமாவத் தேடி வந்துட்டு, வெளிய உக்காரச் சொல்லுதியேய்யா?" என்றார்.

தங்கை மகளின் தோளைப் பற்றி இறங்கினார். உள்ளே சுவரை விரல்களால் தடவிக்கொண்டே சென்றார். "தோமாவும் தொட்டுப் பாத்துத்தானே நம்புனாரு" என்று பேத்தியிடம் சொன்னார். தோமா தொட்டதாக யோவான் எழுதவில்லை. தொடும்படி ஆண்டவர் அழைத்தார் என்பது வரையே எழுதியிருக்கிறார். பிரசங்க பீடத்தில் இதை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அன்று அம்மாவைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றிய தெருக்களில் பூவாசமும் காப்பி வாசமும் அம்மாவை நிறுத்தி நிறுத்தி அழைத்துச் சென்றன. நான் கடிகாரத்தைப் பார்த்தவாறே இருந்தேன். ஏசா தன்னோடு வரும்படி அழைத்தபோது, பிள்ளைகள் இளம்பிராயத்தார், அவர்கள் நடைக்குத் தக்கதாகவே வருவேன் என்று யாக்கோபு பின்தங்கிக்கொண்டான் அல்லவா? குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தைவிட நல்ல வழிகாட்டியை நான் அறியேன். அது அன்று என் நினைவுக்கு வரவில்லை என்பதே உண்மை.

அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்துக்குச் சென்றோம். ஞாயிறன்று அங்கே அனுமதி இல்லை. மற்ற நாட்களிலும் குறித்த நேரங்களில் மட்டுமே விடுவார்கள், விசாரித்துக்கொண்டு செல்லுங்கள். அங்குள்ள ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகளே இன்று தனித்தனி மரங்களைப்போல் நின்று நிழல் தருகின்றன. சின்னவன் ஆச்சியின் கையைப் பிடித்து ஒவ்வொரு விழுதாக அழைத்துச் சென்றான். "இது மெலிசு ஆச்சி, இது தூண் மாதிரி." அந்தப் பையன் காலையிலிருந்து கைபேசியைக் கீழே வைக்காதவன். பகல் வெயிலுக்கு வீடு திரும்பினோம். தி. நகரை மறுநாளுக்குத் தள்ளினோம். ரங்கநாதன் தெருவை மற்ற இடங்களோடு ஒரே நாளில் சேர்ப்பது பேதைமை.

மாலையில் பெசன்ட் நகர்க் கடற்கரை. மணலில் தனித்து நிற்கும் வெள்ளை நினைவுச் சின்னத்தைத் திரைப்படங்களில் கண்டிருப்பீர்கள். ஷ்மிட் என்னும் டென்மார்க் நாட்டு மாலுமி, 1930 டிசம்பர் 30 அன்று, பிறர் உயிரைக் காக்க உதவும்போது இவ்விடத்துக்கு அருகே மூழ்கி இறந்தார். அவரை உவமையாக வைத்து இருமுறை பிரசங்கித்திருக்கிறேன். அதே சொற்களில் பிள்ளைகளுக்கும் கூறினேன். அவர்கள் படம் எடுக்க ஓடிவிட்டார்கள்.

அம்மா மட்டும் அசையாமல் நின்றார். "பிற தேசத்துப் பிள்ளையாய்யா?"

"ஆமாம் அம்மா."

"அவன் அம்மைக்கு யாரு போய்ச் சொன்னா?"

இரு பிரசங்கங்களிலும் அந்தத் தாயை நான் நினைத்ததில்லை. பதில் இல்லாமல் நின்றேன். பரங்கிமலையடியில்தான் லாம்டன் 1802இல் இந்தியாவை அளக்கத் தொடங்கினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். அங்கே இன்னும் வெளிச்சத்தோடு போய்ச் சேரலாம் என்று ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்தார். தாளில் நான்கு இடங்கள் மிச்சமிருந்தன.

அம்மா செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தண்ணீர் எந்தப் பக்கம் என்று கேட்டார்.