அப்பாயியின் குரல்

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்பது பழமொழி. அதை நான்காம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கியது 2024-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில்தான்.

எங்கள் வீட்டில் 2008-இல் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அதற்கும் எனக்கும் ஒரே வயது. மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனாலும் செய்யும். அதிலிருந்த குறுந்தகடு படிக்கும் டிரைவ் மட்டும் பழுதாகிவிட்டது. தகட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும், 'கிர்' என்று சுற்றும், பிறகு உள்ளே ஒன்றுமே இல்லை என்று சாதிக்கும்.

போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. காரணம், எங்களிடம் இருந்த ஒரே ஒரு குறுந்தகடு. 2010-ஆம் ஆண்டு தவக்காலத்தில் எங்கள் அப்பாயி பாடிய வியாகுல ஒப்பாரியைச் சித்தப்பா பதிவு செய்து அதில் ஏற்றியிருந்தார். அப்பாயி 2016-இல் இறைவனடி சேர்ந்தார். அவர் குரல் வேறு எங்கும் இல்லை. ஜூன் மாதத்தில் நினைவுத் திருப்பலி முடிந்து உறவினர் எல்லாரும் வீட்டுக்கு வரும்போது அதைக் கேட்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

அப்பா புதிய டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி வந்தார். "ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டுறேன். அதுவரைக்கும் நீ தொடாதம்மா" என்றார். எனக்கோ பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமை, அப்பா வேலைக்குப் போனதும், தம்பியை டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

முறைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். மிச்ச மின்சாரம் வடிய, இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடும் என்பதால், பெட்டியின் வண்ணம் பூசாத இரும்பைத் தொட்டுக்கொண்டேன்.

பழைய டிரைவில் நாற்பது துளைகள் கொண்ட அகன்ற நாடா போன்ற கம்பி இருந்தது. புதியதற்கோ விரல் அகலம்கூட இல்லாத மெல்லிய கம்பி. அகன்ற கம்பியில் செய்தி பதினாறு பேர் கைகோத்து நடப்பது போலப் போகும். ஒருவர் பிந்தினாலும் மற்றவர் காத்திருக்க வேண்டும். மெல்லிய கம்பியில் ஒருவர் பின் ஒருவராக ஓடுவதால் காத்திருப்பு இல்லை, வேகம் அதிகம். எங்கள் பெட்டியின் தாய்ப்பலகையில் இரண்டு வகைக்கும் இடம் இருந்தது. மின்சாரம் கொடுக்கும் செருகி மட்டும் பொருந்தவில்லை. அதற்கென்று அப்பா வாங்கி வைத்திருந்த இணைப்புக் கம்பியைப் போட்டேன். டிரைவை முன்பக்கமாகத் தள்ளி, பக்கத்துக்கு இரண்டாக நான்கு திருகுகளை முடுக்கினேன். பெருமையோடு பொத்தானை அழுத்தினேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. 'டிஸ்க் பூட் ஃபெயிலியர்'!

எனக்குக் கைகால் வெலவெலத்தது. ஹார்டு டிஸ்க்கையே காணோம் என்கிறது கம்ப்யூட்டர். அப்பாயியின் படங்கள், தம்பியின் ஞானஸ்நானப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. முதலில் கடைக்காரரைக் குறை சொன்னேன். பிறகு டார்ச்சை ஆட்டினாய் என்று தம்பியைத் திட்டினேன். அவன் அழுதேவிட்டான். அப்பா வருவதற்குள் பெட்டியை மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் இருந்துவிடலாமா என்றுகூட எண்ணினேன்.

ஆனால் அன்று மாலை அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் வாய் தானாகத் திறந்துவிட்டது. "அப்பா, நீங்க சொன்னதைக் கேட்காம நான் பெட்டியைத் திறந்துட்டேன். இப்போ ஓடலை" என்றேன். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "கடைசியா உன் கை எதைத் தொட்டுச்சு? அங்கேயிருந்து பின்னாடியே போய்ப் பாரும்மா" என்றார்.

ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நினைத்துப் பார்த்தேன். திருகு, இணைப்புக் கம்பி, மெல்லிய கம்பி, அதற்கு முன் நான் அவசரமாக இழுத்த அகன்ற நாடா. அந்த நாடா, ஹார்டு டிஸ்க்கின் கம்பியை ஒட்டியே போயிருந்தது! பழைய காலத்து மெல்லிய கம்பிகளில் பூட்டும் கொக்கி கிடையாது. சற்று இழுத்தாலே நழுவிவிடும். குனிந்து பார்த்தால் அது அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினேன். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது.

குறுந்தகட்டை வைத்தோம். சற்றுத் திணறிவிட்டு, அப்பாயி பாடத் தொடங்கினார். நடுவே அவர் இருமியதும் கேட்டது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டில் பதிவு செய்யும் குறுந்தகட்டில் செய்தியைத் தாங்குவது ஒரு மெல்லிய சாயப்பூச்சு; அது வெயிலிலும் வெப்பத்திலும் மங்கக்கூடியது. ஆகவே அன்றிரவே அந்தக் குரலை ஹார்டு டிஸ்க்கிலும், பென் டிரைவ் ஒன்றிலும் படியெடுத்து வைத்தோம். தம்பியிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அன்புத் தோழியரே! பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யுங்கள் என்று சகோதரிகள் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். அன்றுதான் நான் அதை உண்மையாகச் செய்தேன். ஏதேனும் ஒன்று பழுதாகும்போது, கடைக்காரரையும் தம்பியையும் தேடுமுன், நம் கை கடைசியாகத் தொட்டது எது என்று பார்ப்போம். பெரும்பாலும் பழுது அங்கேதான் இருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு விரலின் அழுத்தமே போதுமானதாகவும் இருக்கலாம்.