19 லிட்டர் பீருக்கு எத்தனை லிட்டர் அண்டா?

கதாநாயகரின் ஊர் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில். ராக்கெட்டுக்குப் பேர் போன ஊர். நம்ம ஆளுக்கும் ராக்கெட்டுக்கும் சம்பந்தம் இல்லை, மாசச் சம்பளக்காரர், அவ்வளவுதான். நிஜப்பெயர் எதற்கு... ரங்கமணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனைவி தங்கமணி. (வெள்ளைக்காரருக்கு இந்தப் பெயரா என்று கேட்கக் கூடாது. உலகத்தில் எல்லா வீட்டிலும் ஒரு ரங்கமணிதான்! :-))

ரங்கமணிக்கு வீட்டிலேயே பீர் தயாரிக்க ஆசை. பீர் என்றால் பீர் மட்டும்தான், சாராயம் வடிக்கிற கதை வேறு. அமெரிக்காவில் இது மத்திய அரசு சட்டப்படி தப்பில்லை என்று ஆனதே 1978-ல், ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான். வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு வருஷம் 100 கேலன், இரண்டு பேராக இருந்தால் 200 கேலன். ஆனால் மதுவில் மாநிலம் வைத்ததுதான் சட்டம். அலபாமா 35 வருஷம் முரண்டு பிடித்து, 2013 மே மாதம்தான் ஒப்புக்கொண்டது. கடைசியாக வழிக்கு வந்த மாநிலங்கள் அலபாமாவும் மிசிசிப்பியும். அதிலும் அலபாமா போட்ட வரம்பு மூன்று மாதத்துக்கு 15 கேலன். இந்த 15-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக்குத் தேவைப்படும்.

சட்டம் வந்த அந்தக் கோடையிலேயே ரங்கமணி களத்தில் இறங்கிவிட்டார். முதல் இரண்டு முறை டப்பாவில் வரும் மால்ட் பாகை வாங்கித் தண்ணீரில் கரைத்துச் செய்தார். அது பாக்கெட் பொடியில் சாம்பார் வைக்கிற மாதிரி. சாம்பார்தான், ஆனால் பெருமை அடித்துக்கொள்ள முடியாது. அடுத்த படி, தானியத்திலிருந்தே செய்வது. அங்கேதான் மேஷ் டன் என்கிற பாத்திரம் வருகிறது.

விஷயம் ரொம்ப எளிது. முளைகட்டிக் காயவைத்த பார்லிதான் மால்ட். அதை ஒன்றிரண்டாக உடைத்து வெந்நீரில் கலந்து, 67 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பார்லிக்குள்ளேயே இருக்கிற நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். சூடு 63, 64-க்கு இறங்கினால் பீர் வறட்டென்று மெலிந்து போகும். 70-ஐத் தொட்டால் அடர்த்தியாக, இனிப்பு மிச்சம் நின்றுவிடும். மணி முடிந்ததும் அடியில் இருக்கிற குழாயைத் திறந்து இனிப்புத் தண்ணீரை வடித்து, மேலே இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி அலசி, மிச்சச் சர்க்கரையையும் இறக்க வேண்டும். அதற்குப் பிறகு கொதி, ஹாப்ஸ், ஆறவைத்து ஈஸ்ட். அதெல்லாம் வேறு பாத்திரத்தின் பாடு.

இதற்கெல்லாம் செம்பு அண்டா தேவையில்லை. கட்டிட வேலை நடக்கிற இடத்தில், விளையாட்டு மைதானத்தில் ஆரஞ்சு நிறத்தில் உருளையாக ஒரு தண்ணீர் கூலர் இருக்குமே, அது போதும். குளிர்ச்சியைக் காக்கிற சுவர் சூட்டையும் காக்கும். பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி உலோக வால்வு மாட்டி, உள்ளே ஓட்டை போட்ட ஒரு போலி அடித்தட்டு வைத்தால் மேஷ் டன் ரெடி. இரண்டு அளவு கிடைக்கும். 5 கேலன், அதாவது 19 லிட்டர். இல்லையென்றால் 10 கேலன், 38 லிட்டர்.

ரங்கமணி 5 கேலன் வாங்கினார். ஒரு தடவைக்கு அவர் செய்வது 5 கேலன் பீர், அதற்கு 5 கேலன் பாத்திரம். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். மேஷ் டன்னுக்குள் பீர் போவதே இல்லை! உள்ளே இருப்பது தானியமும் முதல் தண்ணீரும் மட்டும். ஒரு கிலோ மால்ட் தண்ணீருக்குள் போனால் சுமார் 0.67 லிட்டர் இடத்தை அடைக்கும். அதற்கு வழக்கமாக ஊற்றுவது 2.6 லிட்டர் தண்ணீர். ஆக கிலோவுக்கு மூன்றேகால் லிட்டர். பாத்திரத்தின் அளவைத் தீர்மானிப்பது எத்தனை லிட்டர் பீர் என்பது மட்டுமில்லை, அந்த பீர் எவ்வளவு கனம் என்பதும்தான். அதே 19 லிட்டரில் 5 சதவீத சாதாரண பீருக்கு நாலரை கிலோ மால்ட் போதும், 15 லிட்டர் இடம் பிடிக்கும். மெலிசான ஒரு மைல்டுக்கு மூன்று கிலோ சொச்சம், 10 லிட்டர். பார்லிவைன் என்கிற ராட்சசனுக்கோ பத்தரை கிலோ. 34 லிட்டர்!

முதல் ஆறு மாசம் ரங்கமணிக்கு இதெல்லாம் உறைக்கவே இல்லை. நாலரை கிலோ, 15 லிட்டர், சூடு அரை டிகிரிகூட இறங்காது, சனிக்கிழமை மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். சின்னப் பாத்திரம் நிறைய நிறைய இருந்தால் சூடு நிற்கும், அது அதனுடைய பெரிய நல்ல குணம்.

இதற்கிடையில் தங்கமணி உண்டாகியிருந்தார். மார்ச்சில் தேதி.

அப்பாவாகப் போகிற ரங்கமணி எங்கேயோ படித்து வைத்தார். இங்கிலாந்தில் பெரிய பண்ணை வீடுகளில் வாரிசு பிறந்தால் மிகக் கடுமையான ஏல் ஒன்றைக் காய்ச்சி பீப்பாயில் அடைத்து வைப்பார்களாம். பிள்ளைக்கு 21 வயது ஆகும் நாளில்தான் திறப்பார்கள். பர்ட்டன் நகரத்து பாஸ் கம்பெனியில் பங்குதாரரான ராட்க்ளிஃப் குடும்பத்தில் 1869-ல் ஆண் குழந்தை பிறந்ததற்காகக் காய்ச்சிய ஏல், 2006-ல் அங்கேயே நிலவறையில் பாட்டில் பாட்டிலாகக் கிடைத்தது. 137 வருஷம் கழித்தும் குடிக்கிற நிலையில்! அமெரிக்காவிலும் குடிக்க வயது 21. நம்ம வீட்டிலும் ஒன்று செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. பிள்ளை மார்ச் 2014, திறப்பு விழா 2035.

ஜனவரியில் ஒத்திகை பார்த்தார். 19 லிட்டரில் 34 லிட்டர் போகாது என்று கணக்கு சொன்னது. ரங்கமணி கணக்கோடு பேரம் பேசினார். தண்ணீரைக் குறைத்து கிலோவுக்கு 2 லிட்டர் ஆக்கினால் 7 கிலோ வரை திணிக்கலாம், விளிம்பு வரைக்கும் வரும். வந்தது. துடுப்பை உள்ளே விட்டால் கிளற முடியவில்லை, களி மாதிரி. மேலே 69 டிகிரி, ஓரத்தில் 62. நடுவில் ஈரமே படாத மாவு உருண்டைகள். அலசுவதற்கு வெந்நீர் ஊற்ற ஒரு விரல்கடை இடம் இல்லை, கராஜ் தரையெல்லாம் பிசுபிசுப்பு. அடர்த்தி 1.100 வரவேண்டிய இடத்தில் ஹைட்ரோமீட்டர் காட்டியது 1.066. நல்ல பீர்தான். ஆனால் இருபத்தோரு வருஷம் தாங்குகிற சரக்கு இல்லை.

அப்புறம் யோசனை பிறந்தது. ஐந்தேகால் கிலோவாக இரண்டு தடவை செய்தால்? தடவைக்கு 17 லிட்டர், சின்னப் பாத்திரத்திலேயே சிரமமில்லாமல் போகும்! பைசா செலவில்லை. பிரசவச் செலவு, டயப்பர், கொஞ்ச காலத்துக்கு ஒற்றைச் சம்பளம் என்று வரிசை கட்டி நிற்கிற நேரத்தில் இன்னொரு கூலர் வாங்குவது அவருக்கே கூசியது. வருஷத்துக்கு ஒரு தடவை வேலைக்கு ஒரு பாத்திரமா? காமர்ஸ் படிக்கிறவர்கள் இதைச் சும்மா கிடக்கும் திறன் என்று முதல் வருஷத்திலேயே படித்திருப்பார்கள். வாங்கிப்போட்டு உபயோகிக்காத மெஷின், லாபத்தைத் தின்றுகொண்டு மூலையில் நிற்கும்.

திட்டத்தைத் தங்கமணியிடம் பெருமையாகச் சொன்னார். அவர் கேட்டது ஒரே கேள்வி. எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டு முறை ஊறல், இரண்டு முறை வடிகட்டல், நீண்ட கொதி, கழுவல். காலை ஆறுக்கு ஆரம்பித்தால் மாலை ஐந்து, ஆறு ஆகும்.

"மூணு வாரக் குழந்தையோட நான் உள்ளே இருப்பேன், நீ பதினோரு மணி நேரம் கராஜில் நிப்பே. குழந்தைக்காகன்னு வேற சொல்லுவே. பேசாம பெரிசை வாங்கு."

ரங்கமணி இதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சின்னப் பாத்திரம் மலிவு என்று அவர் நினைத்தது, மிச்ச விலையைச் சனிக்கிழமைகளில் கட்டலாம் என்ற நம்பிக்கையில். குழந்தை வருகிற வீட்டில் சனிக்கிழமைதான் கையிருப்பே இல்லாத சரக்கு.

பெரிசு என்று முடிவானதும், எவ்வளவு பெரிசு என்ற அடுத்த வியாதி ஆரம்பித்தது. காலி பீர் கெக்கை வெட்டினால் கிட்டத்தட்ட 58 லிட்டர் பாத்திரம் கிடைக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் ஆசை காட்டினார். இங்கேதான் அந்த 15 வருகிறது. மூன்று மாதத்துக்கு 15 கேலன்தான் அனுமதி என்றால் ஐந்து கேலனாக மூன்று தடவை, அதோடு சரி. பிரம்மாண்டப் பாத்திரத்தில் ஒரே மூச்சில் செய்தால் மிச்ச நாளெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பொழுதுபோக்கே செய்வதுதான் என்னும்போது அது என்ன லாபம்? தவிர, பத்தரை கிலோ தானியமும் 27 லிட்டர் தண்ணீரும் சேர்ந்தாலே 37 கிலோவுக்கு மேல். நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது, எங்கே வைத்து நிரப்புகிறோமோ அங்கேதான். அதற்கு மேல் போனால் இடுப்பு போகும். சட்டமும் இடுப்பும் சேர்ந்து 38 லிட்டரில் கொண்டுவந்து நிறுத்தின.

மார்ச் மாதம் பெண் குழந்தை. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, புதுப் பாத்திரம். பத்தரை கிலோ மால்ட், 27 லிட்டர் தண்ணீர், விளிம்புக்கு ஒரு சாண் இல்லை, ஆனால் கிளற இடம் இருந்தது. எல்லாப் பக்கமும் 67. கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணீரைத் தானியமே குடித்துவிடும், ஆக முதல் வடிப்பில் இறங்கியது 16 லிட்டர் சொச்சம், கெட்டித் தேன் நிறத்தில். அதை மட்டும் தனியாகக் கொதிக்கவைத்து 15 லிட்டர் பார்லிவைன். பிறகு அதே தானியத்தில் மறுபடி வெந்நீர் ஊற்றி அலசி, மெலிசாக 19 லிட்டர் சாதாரண பீர். பழைய இங்கிலாந்துக்காரர்களும் இப்படித்தான் ஒரே தானியத்தில் முதல் நீர் எஜமானுக்கு, அடுத்த நீர் அன்றாடத்துக்கு என்று எடுத்தார்கள். இரண்டும் சேர்ந்து 34 லிட்டர், 9 கேலன். சட்டத்துக்குள்தான். இரண்டு மணிக்கு ரங்கமணி குளித்துவிட்டுக் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

பெரிசில் குறையே இல்லையா என்றால், உண்டு. அடுத்த மாசம் மூன்று கிலோ சொச்சத்தில் மைல்டு செய்தபோது தானியம் அடியில் தோசை மாவு மாதிரி பரவிக் கிடந்தது, மேலே முக்கால் பாத்திரம் வெறும் காற்று. ஒரு மணி நேரத்தில் 3 டிகிரி இறங்கிவிட்டது. மெதுவாகச் சொட்டுச் சொட்டாக அலசுகிறவர்களுக்குத் தானியப் படுகை ஆழமில்லாமல் போவது பெரிய தலைவலி. தண்ணீர் ஒரே வாய்க்கால் பிடித்து ஓடிவிடும், பக்கத்தில் இருக்கும் சர்க்கரை அப்படியே நிற்கும். ஒரேயடியாக ஊற்றிக் கலக்கி வடிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. ரங்கமணி அந்த வழிக்கு மாறினார். முன்கூட்டியே கொதிநீர் ஊற்றிப் பாத்திரத்தைச் சூடாக்கி, மூடியின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போட்டார். இறக்கம் ஒரு டிகிரிக்குள் வந்துவிட்டது. சின்னப் பாத்திரத்தைப் பெரிதாக்க வழியில்லை, பெரிய பாத்திரத்துக்குப் போர்வை போர்த்தலாம்.

பார்லிவைன் 38 பாட்டில் தேறியது. அலமாரியின் அடித்தட்டில், வெளிச்சம் படாமல், மூடிக்கு மேல் மெழுகு பூசி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிறந்தநாள் ராத்திரியும் மகள் தூங்கிய பிறகு இரண்டு பேரும் ஒரு பாட்டில் திறந்து பார்க்கிறார்கள். முதல் வருஷம் தொண்டையைக் கிழித்ததாம். இப்போது திராட்சை வற்றல் வாசனை வருகிறதாம். இப்படியே போனால் 2035 மார்ச்சில் 18 பாட்டில் மிச்சம் இருக்கும்.

அந்த 19 லிட்டர் கூலர்? உலோக வால்வைக் கழற்றி பழைய பிளாஸ்டிக் குழாயையே திரும்ப மாட்டிவிட்டார் தங்கமணி. மகளின் சாஃப்ட்பால் மேட்சுக்கு எலுமிச்சை ஜூஸ் அதில்தான் போகிறது. எத்தனை கழுவினாலும் லேசாக மால்ட் வாசனை அடிக்கிறது என்று பிள்ளைகள் புகார்.