அடித்தல் திருத்தலில் தொடங்கிய ஓவியம்

போல்பூர் கடைத்தெருவைத் தாண்டி டோட்டோ வண்டி சாந்திநிகேதன் பக்கம் திரும்பியதும் மண் சிவக்கத் தொடங்குகிறது. ஹவுராவிலிருந்து சுமார் 150 கி.மீ., ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். சனிக்கிழமை காலை வண்டிகளில் கொல்கத்தாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். பெரும்பாலோருக்குத் தோல் பை, காந்தா தையல் புடவை, பாவுல் பாட்டு, மத்தியானச் சாப்பாடு, அதோடு திருப்தி. ஆனால் கையடக்க வாட்டர்கலர் பெட்டியும் ஒரு புட்டி தண்ணீருமாக வருகிற சிலரும் உண்டு. நரை விழுந்த பிறகு தூரிகை பிடித்தவர்கள். அவர்களுடைய முதல் கவலை ஓவியம் பற்றியதல்ல, பின்னால் வந்து நின்று யாராவது எட்டிப் பார்ப்பார்களோ என்பதுதான்.

அந்தக் கூச்சத்துக்கு இந்தியாவில் இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஏனென்றால் இந்த ஊரை உருவாக்கிய மனிதருக்கும் அது இருந்தது.

ரவீந்திரநாத் தாகூருக்குச் சிறுவயதில் வீட்டுக்கு வந்து டிராயிங் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் இருந்தார். பெரிதாக எதுவும் ஒட்டவில்லை. 1900-ல், 39 வயதில், மறுபடி ஸ்கெட்ச் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நண்பர் ஜகதீஷ் சந்திர போஸுக்கு எழுதிய கடிதத்தில், பென்சிலைவிட ரப்பரைப் பிடிப்பதில்தான் தனக்குத் தேர்ச்சி கூடிவருகிறது என்ற பொருளில் தன்னையே கேலி செய்துகொண்டார். ஒன்றுவிட்ட அண்ணன் மகன்கள் ககனேந்திரநாத்தும் அவனீந்திரநாத்தும் பெயர்பெற்ற ஓவியர்களாகிக்கொண்டிருந்த குடும்பம் அது. அங்கே ஒரு கற்றுக்குட்டி பென்சிலைக் கீழே வைத்துவிட்டதில் ஆச்சரியமில்லை.

பிறகு நடந்தது ஒரு விபத்து என்றுதான் சொல்ல வேண்டும். 1924-ல் ‘பூரபி’ கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தபோது, அடித்துத் திருத்திய சொற்கள் தாளில் அங்கங்கே கறைகளாகக் கிடப்பது அவர் கண்ணை உறுத்தியது. ஒரு கறையை இன்னொன்றோடு கோடு போட்டு இணைத்தார். மூக்கு நீண்டது, வால் முளைத்தது. பூமியில் இல்லாத பறவைகளும் பிராணிகளும் கவிதைகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தன. அந்த ஆண்டு அர்ஜென்டினாவில் அவரை உபசரித்த எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அந்த நோட்டைப் பார்த்து வியந்தார். 1928 வாக்கில், 67 வயதில், தாகூர் முழுமூச்சாக வரையத் தொடங்கினார். 1941-ல் இறப்பதற்குள் 2,000-க்கும் அதிகமான படங்கள். மற்றவர்கள் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வயதில் இந்த வேகம்!

வரைந்த விதமும் பள்ளிக்கூட முறைக்குள் அடங்காது. காகிதத்தில் வண்ண மைகள். தூரிகைக்குப் பதில் பல நேரம் கந்தல் துணி அல்லது விரல். பெரும்பாலும் ஒரே அமர்வில் படம் முடிந்துவிடும். தலைப்பு வைப்பதில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் அவருக்குக் குறை இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அந்த ஓவியங்களின் மங்கிய பழுப்புக்கும் கருமைக்கும் வேறொரு அர்த்தம் கிடைக்கிறது.

நோபல் பரிசு வாங்கி உலகம் சுற்றிய மனிதர், தன் படங்களைச் சொந்த ஊரில் முதலில் காட்டத் தயங்கினார். 1930 மே மாதம் பாரிசில், ஒகாம்போவின் முயற்சியால், முதல் கண்காட்சி நடந்தது. பிறகு லண்டன், பெர்லின், மாஸ்கோ, நியூயார்க். கல்கத்தா பெரிய அளவில் பார்த்தது 1931 டிசம்பரில்தான். வேடிக்கை என்னவென்றால், விளையாட்டாக வரைந்த அந்தப் படங்கள் இன்று சட்டப்படி தேசியக் கலைச் செல்வங்கள். நாட்டைவிட்டு விற்று அனுப்ப முடியாது.

குடும்பத்தில் அவர் மட்டும் அல்ல. அவனீந்திரநாத்தின் தங்கை சுனயனி தேவி, வீட்டு நிர்வாகத்துக்கு நடுவே, ஏறத்தாழ 30 வயதில் யாரிடமும் பாடம் கேட்காமல் வரையத் தொடங்கியவர். பாட்டுடைத் தலைவன் என்னவோ தாகூர்தான். ஆனால் சமையலறையும் பிள்ளைகளும் காத்திருக்கும்போது வண்ணம் குழைக்க உட்கார்வதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் துணிச்சல் வேண்டும்.

1919-ல் தொடங்கிய கலாபவனில் நந்தலால் போஸ் போட்ட பாதை இப்படிப்பட்ட ஆரம்பக்காரர்களுக்கும் உதவும். அவர் கையில் எப்போதும் அட்டைகள் இருந்தன. மாடு, பனைமரம், சந்தாலிப் பெண்ணின் நடை என்று கண்ணில் பட்டதை அஞ்சலட்டை அளவில் கோடாக்கி, மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பிவைப்பார். பெரிய கான்வாஸ் பயமுறுத்தும். அஞ்சலட்டை பயமுறுத்தாது, கெட்டுப்போனால் அடுத்தது இருக்கிறது. இங்கே தரையில் போடும் அல்பனாவும் அப்படித்தான். அரிசி மாவைக் கரைத்து, துணியை நனைத்து, விரல் வழியாகக் கோட்டை இறக்குகிறார்கள். மாக்கோலம் போடத் தெரிந்த தமிழ்ப் பெண்களுக்கு இதில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. புள்ளி மட்டும் கிடையாது.

கலாபவன் வளாகத்தில் சுவர்களே புத்தகம். மண்ணில் கட்டித் தார் பூசிய கறுப்பு வீடு, சிமெண்டிலும் செம்மண் சரளையிலும் ராம்கிங்கர் பெய்ஜ் 1938-ல் நிறுத்திய சந்தால் குடும்பம். வினோத் பிஹாரி முகர்ஜியின் கதையை மட்டும் அவசரமாகக் கடந்துவிட முடியாது. பிறவியிலேயே பார்வைக் குறைவு. ஹிந்தி பவனில் இடைக்காலத் துறவிகளை 1946-47-ல் சுவர்ச் சித்திரமாகத் தீட்டியது அந்தக் கண்களோடுதான். 1957-ல் அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வை முற்றிலும் போனது. ஐம்பதைத் தாண்டிய வயதில், விரல் நுனியால் தடவிக் காகிதங்களை வெட்டி ஒட்டி, மறுபடி ஆரம்பநிலை மாணவராக உட்கார்ந்தார். 1972-ல் அவருடைய பழைய மாணவர் சத்யஜித் ராய் அதைப் படமாக எடுத்தார்.

ஊருக்கு வெளியே கோவாய். மழை அறுத்த செம்மண் பள்ளங்கள், மேடுகள், ஒற்றைப் பனைகள். வாட்டர்கலரில் கை வைத்த புதியவர்கள் இங்கே வழக்கமாகச் செய்யும் தப்பு, சிவப்புக் குழாயைத் திறந்து அப்படியே பூசிவிடுவது. காலையில் இந்த மண் ஆரஞ்சு, உச்சி வெயிலில் வெளுப்பு, சாயங்காலப் பள்ளங்களில் ஊதா. வெளிச்சத்துக்கு வெள்ளைச் சாயம் கிடையாது, காகிதத்தின் வெண்மையை விட்டுவைக்க வேண்டும்; வெளிறிய நிறம் முதலில், அடர்ந்தது கடைசியில். மார்ச்சில் பலாச மரங்கள் பூத்துக் கொட்டும்போது நிறம் தூரிகையிலேயே காய்ந்துவிடும். ஆகஸ்டில் அரை மணி நேரமானாலும் காயாது.

கோவாயும் நிம்மதியாக இல்லை. நிலத்தின் மீது வீட்டுமனைக்காரர்களுக்கு எப்போதும் ஒரு கண். கட்டுமானத்துக்கு எதிரான வழக்கு 2005-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. சோனாஜுரிக் காட்டில் சனிக்கிழமைதோறும் கூடிய சின்னச் சந்தை இப்போது பெருத்து வாரத்தின் மற்ற நாட்களுக்கும் பரவிவிட்டது. 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சாந்திநிகேதன் இடம்பெற்றது. கௌரவம்தான், கூடவே கூட்டமும்.

புதன்கிழமை விஸ்வபாரதிக்கு வாராந்திர விடுமுறை. அந்த நாளில் வந்து இறங்குவோர் பூட்டிய கதவுகளைத்தான் வரைய வேண்டியிருக்கும். வளாகத்துக்குள் நுழையக் கட்டுப்பாடுகளும் உண்டு, விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. கோவாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்காலமும் பள்ளங்களைக் கொஞ்சம் இடம் மாற்றிவிடுகிறது. பாதியில் விட்ட படத்தை அடுத்த வருஷம் வந்து முடிக்கலாம் என்று நினைப்பவர்கள் புதுத் தாளைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.